ஸ்பிரிங்பாக் சட்டை எந்த வயதில் தைக்கப்படுகிறது?

2019 நவம்பர் 2. ஜப்பானின் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்திவிட்டு, தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் கேப்டன் சியா கொலிசி உலகக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினார். அந்த நாட்டின் டெஸ்ட் அணிக்கு, அதாவது மற்ற நாடுகளோடு மோதும் அணிக்கு, தலைமை தாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு விதமான பேச்சு ஓடியது. ஒன்று, "பார்த்தீர்களா, நிறவெறி ஒழிந்தது." இன்னொன்று, "எல்லாம் கோட்டாவில் வந்தவர்கள்தானே."

என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே காரணத்தால் தப்பு. அணியைத் தேர்ந்தெடுக்கும் நாளைப் பார்க்கிறார்களே தவிர, அதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்ததை யாரும் பார்ப்பதில்லை.

ரக்பி பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. முட்டை வடிவப் பந்து, ஓர் அணிக்கு 15 பேர். பந்தை முன்பக்கமாக எறியக் கூடாது. தூக்கிக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். எண் 1 முதல் 8 வரை முன்வரிசை, முட்டி மோதும் கனமான ஆட்கள். 9 முதல் 15 வரை பின்வரிசை, ஓட்டமும் உதையும் அவர்கள் பாடு. ரக்பியில் சட்டை எண்ணைப் பார்த்தாலே ஆள் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று தெரிந்துவிடும். இது பின்னால் உதவும். தென்னாப்பிரிக்க அணிக்கு ஸ்பிரிங்பாக் என்று பெயர். அது அங்குள்ள ஒரு மான் வகை.

பஸ்ஸில் சீட் பிடிக்கிற கதை

பஸ் ஸ்டாண்டிலேயே ஏறுகிறவருக்குத் தொந்தரவு இல்லை. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஆற அமர உட்காரலாம். நாலாவது ஸ்டாப்பில் ஏறுகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டிரைவர் நிறுத்தாமலே போய்விட்ட ஸ்டாப்பில் நின்றவர் கணக்கிலேயே வரமாட்டார். பஸ் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "உட்கார்ந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கிறார்களே, மற்ற தெருக்காரர்களுக்கு உட்காரவே பிடிக்காதோ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

தேசிய அணித் தேர்வு அந்தக் கடைசி ஸ்டாப். தென்னாப்பிரிக்க ரக்பியில் பஸ் கிளம்புவது 12, 13 வயதில், ஒரு சில பள்ளிக்கூட வாசலில். யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள், யாருக்கு நிறுத்தப்படவே இல்லை என்பதுதான் உண்மையான கேள்வி. "இவனுக்குத் தகுதி இருக்கிறதா" என்பது அதற்கு ரொம்பப் பின்னால் வருவது.

"அவர்களுக்கு ஃபுட்பால்தான் பிடிக்கும்"

முதலில் இந்தப் பேச்சை முடித்துவிடலாம். வெள்ளையருக்கு ரக்பி, கறுப்பினத்தவருக்கு ஃபுட்பால் என்று ஊர் உலகமே நம்புகிறது. கிழக்கு கேப் மாகாணத்தில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே கோசா மொழி பேசும் மக்களிடையே ரக்பி 19-ம் நூற்றாண்டிலேயே வேர்விட்டது. மிஷனரிப் பள்ளிகள் பாடத்தோடு கிரிக்கெட்டையும் ரக்பியையும் கற்றுக் கொடுத்தன. 1880-களிலேயே போர்ட் எலிசபெத்தில் கறுப்பினத்தவரின் ரக்பி கிளப் இருந்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கிளப்புக்கு ஆடிய குடும்பங்கள் அங்கே உண்டு. கேப் டவுன் பக்கம் கலப்பினச் சமூகத்திலும் இதே கதைதான்.

அவர்களுக்கு விளையாட்டு இருந்தது. நாட்டின் சட்டைதான் இல்லை. வெள்ளையருக்கு ஒரு ரக்பி வாரியம், கலப்பினத்தவருக்கு ஒன்று, கறுப்பின ஆப்பிரிக்கருக்கு இன்னொன்று என்று தனித்தனியாக நடந்தது. 1948-க்குப் பிறகு அபார்தீட் என்ற நிறவெறி ஆட்சி வந்ததும் இந்தப் பிரிவினை அரசாங்கத்தின் அசைக்க முடியாத கொள்கையாகிவிட்டது. "ஸ்பிரிங்பாக்" என்ற பெயரோடு வெளிநாட்டு அணிகளை எதிர்த்து ஆடியது வெள்ளையர் வாரியத்தின் அணி மட்டுமே. 1970-ல் நியூசிலாந்து அணி வந்தபோது அதில் மாவோரி, சமோவா வம்சாவளி வீரர்கள் இருந்தார்கள். அவர்களை உள்ளே விட வேண்டுமே, என்ன செய்வது? "கௌரவ வெள்ளையர்" என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள்! எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

ஸ்பிரிங்பாக் அணிக்காக டெஸ்ட் ஆடிய முதல் வெள்ளையர் அல்லாதவர் எரோல் டோபியாஸ், 1981-ல். 1992-ல் வாரியங்கள் ஒன்றாயின. ஆனால் ஒன்றானது அலுவலகம்தான். புல் மைதானம், ஃபிளட்லைட், ஜிம், பயிற்சியாளர் எல்லாம் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஆர்வம் நூறு வருடமாக இருந்தது, வாசல்தான் பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்த பிறகும் உள்ளே போகும் வழி சில பள்ளிகளின் வழியாகத்தான் போனது.

யாரை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்

ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் மீதி எளிது. தென்னாப்பிரிக்கச் சட்டத்திலும் விளையாட்டுக் கணக்குகளிலும் "கறுப்பினத்தவர்" என்ற சொல் ஒரு பெரிய குடை. அதன் கீழே கறுப்பின ஆப்பிரிக்கர், கலர்ட் என்று அங்கே அழைக்கப்படும் கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் எல்லாரும் வருகிறார்கள். 1860-ல் மதராஸிலிருந்து கப்பலேறி டர்பன் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்த நாயுடுகளும் பிள்ளைகளும்கூட இந்தக் குடைக்குள்தான். நிறவெறி ஆட்சி அவர்களையும் வெளியே நிறுத்தியதே காரணம்.

குடை பெரியது என்பதால் ஒரு சிக்கல். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கறுப்பின ஆப்பிரிக்கர் 81 சதவீதம், கலப்பினத்தவர் 8, வெள்ளையர் 7, இந்திய வம்சாவளியினர் 3-க்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தொடங்கிய 15 பேரில் வெள்ளையர் அல்லாதவர் இரண்டே பேர், பிரயன் ஹபானாவும் ஜே.பி. பீட்டர்சனும். இருவருமே கலப்பினத்தவர். நாட்டின் ஐந்தில் நான்கு பங்கு மக்களின் பிரதிநிதி என்று அந்தப் 15 பேரில் ஒருவர்கூட இல்லை. "இரண்டு கறுப்பினத்தவர் ஆடினார்கள்" என்ற வாக்கியம் சரியாகவும் இருக்கும், பாதி உண்மையை மறைக்கவும் செய்யும்.

பஸ் கிளம்பும் இடம்: பள்ளிக்கூடம்

இப்போது இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் பள்ளி ரக்பி என்பது நம்மூர் மாவட்டப் போட்டி மாதிரி இல்லை. சனிக்கிழமை காலையில் இரண்டு பழைய பள்ளிகள் மோதினால் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். புளூம்ஃபொன்டைனில் கிரே கல்லூரி, ஸ்டெல்லன்போஷில் பால் ரூஸ், பார்ல் நகரில் பார்ல் ஜிம்னேசியம், பார்ல் ஆண்கள் பள்ளி... பெயரைச் சொன்னாலே ரக்பி ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஸ்பிரிங்பாக் வீரர்களில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ஒரு கைப்பிடி பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள்.

இவற்றில் பல அரசுப் பள்ளிகள் என்பது புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நிறவெறிக் காலத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்காக மட்டும் நடந்த அரசுப் பள்ளிகளை இன்றும் பேச்சுவழக்கில் "மாடல் சி பள்ளி" என்கிறார்கள். 1996-ல் வந்த பள்ளிச் சட்டப்படி, பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழு கட்டணம் வசூலிக்கலாம். வசதியுள்ள பேட்டையில் இருக்கும் பள்ளிக்கு அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர், முழுநேரப் பயிற்சியாளர், பிசியோ, ஜிம் எல்லாம் வரும். அதே அரசாங்கத்தின் இன்னொரு பள்ளி டவுன்ஷிப்பில் இருக்கும். டவுன்ஷிப் என்றால், நகருக்கு வெளியே கறுப்பினத்தவரை ஒதுக்கிக் குடியமர்த்திய பகுதி. அங்கே கணக்கு வாத்தியாரே ரக்பி கோச், மைதானம் பாதி புல், பாதி கல்.

அப்போது ஏழை வீட்டுப் பையன் எப்படி மேலே வருகிறான்? பர்சரி வழியாக. கட்டணம், விடுதி, சீருடை, சாப்பாடு எல்லாவற்றையும் பள்ளியோ பழைய மாணவர்களோ ஏற்றுக்கொள்ளும் உதவித்தொகைக்குத்தான் அந்தப் பெயர். தொடக்கப் பள்ளிப் போட்டிகளில் யாராவது ஒரு கோச்சின் கண்ணில் பட்டுவிட்டால் 12, 13 வயதில் அந்த வாசல் திறக்கும். படாவிட்டால், பெரும்பாலும் அவ்வளவுதான்.

சாப்பாடு என்று சொன்னேன், அதைச் சும்மா தாண்டிப் போக வேண்டாம். ரக்பியில் முன்வரிசை ஆட்கள் நூறு கிலோவுக்கு மேலே இருப்பார்கள். அந்த எடை இருபது வயதில் ஜிம்முக்குப் போய் வாங்குவதல்ல. வளர்கிற வயதில் மூன்று வேளை முட்டையும் கறியும் சாப்பிட்டு ஏறுவது. என் பார்வையில் இந்தப் பாதையில் இருக்கும் மிகப் பெரிய பயிற்சிக் கருவி விடுதிச் சமையல்கட்டுதான்.

பள்ளிக்கு அடுத்த படி கிரேவன் வீக். 1964-ல் தொடங்கிய, மாகாணங்களுக்கிடையேயான 18 வயதுக்குட்பட்டோர் போட்டி. ஏஜென்ட்டுகளும் பெரிய கிளப் ஆட்களும் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கவனிக்கப்பட்டவனுக்குப் பிராந்திய அணிகளின் அகாடமியில் ஒப்பந்தம் கிடைக்கும், அல்லது பல்கலைக்கழக அணியில் இடம். அப்புறம் புல்ஸ், ஸ்டார்மர்ஸ், ஷார்க்ஸ், லயன்ஸ் போன்ற தொழில்முறை அணிகள். அதற்கும் பிறகுதான் ஸ்பிரிங்பாக்.

சுருக்கமாக: நல்ல பள்ளி, கிரேவன் வீக், அகாடமி, தொழில்முறை அணி, தேசிய அணி. முதல் படியைத் தவறவிட்டவனுக்கு அடுத்த படிகள் இருப்பதே தெரியாது.

இரண்டு பையன்கள்

சியா கொலிசி பிறந்தது 1991 ஜூன் 16, போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய ஸ்விடே டவுன்ஷிப்பில். (நகரின் பெயர் 2021-ல் க்கெபெர்ஹா என்று மாறியது.) பாட்டி வளர்த்த பையன். சில நாள் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 12 வயதில் ஒரு தேர்வு ஆட்டத்துக்குப் போனபோது ரக்பி ஷார்ட்ஸ் இல்லை. உள்ளே போடும் பாக்சரோடு இறங்கி ஓடினான். அந்த வயதில் ஒரு போட்டியில் கண்ணில் பட்டு, பர்சரியோடு போர்ட் எலிசபெத்தின் கிரே தொடக்கப் பள்ளிக்கும் பிறகு கிரே உயர்நிலைப் பள்ளிக்கும் போனான். இங்கிலீஷ்கூட அங்கே போய்த்தான் பழகினான். 2013 ஜூனில், 22 வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது ஸ்பிரிங்பாக் அறிமுகம்.

மகசோலே மபிம்பி 1990 ஜூலையில் பிறந்தவர்; கொலிசியைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர். அதே கிழக்கு கேப், ஆனால் கிராமம். பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடை. அவர் படித்த பள்ளியின் பெயர் ரக்பி உலகில் யாருக்கும் தெரியாது. பர்சரி இல்லை, கிரேவன் வீக் வெளிச்சம் இல்லை. உள்ளூர் கிளப், பிறகு சின்ன மாகாண அணியான பார்டர், அங்கிருந்து ஒவ்வொரு அணியாக மேலே வந்து, 2018 ஜூனில் 27 வயதில் ஸ்பிரிங்பாக் சட்டை.

கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே மாகாணம். இடையில் ஐந்து வருடத் தாமதம். ஒரு ரக்பி வீரரின் உச்சகாலமே ஏழெட்டு வருடம்தான் என்றால் இந்த ஐந்தின் கனம் புரியும்.

2019 இறுதியாட்டம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இடது ஓரத்தில் மபிம்பிக்குப் பந்து வந்தது. எதிராளியின் தலைக்கு மேலே செல்லமாக ஒரு தட்டு உதை. துள்ளிய பந்தைச் சக வீரர் லுக்கான்யோ ஆம் பிடித்தார். தானே கோட்டைத் தாண்டியிருக்கலாம், ஆனால் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் மபிம்பிக்கே தள்ளினார். ட்ரை. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி எடுக்கும் புள்ளிக்கு அதுதான் பெயர். உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா எடுத்த முதல் ட்ரை அது. 1995-லும் 2007-லும் உதைத்து எடுத்த புள்ளிகளாலேயே ஜெயித்திருந்தார்கள். லுக்கான்யோ ஆம் படித்ததும் பெரிய ரக்பிப் பள்ளி அல்ல. அவரும் பார்டர் அணி வழியாக வந்தவரே. பஸ் நிற்காத ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்த இரண்டு பேர்!

"அப்படியானால் திறமை இருந்தால் தானாக வந்துவிடலாமே" என்று இதை வைத்து யாராவது சொல்வார்கள். நடந்து வந்த இருவர் நமக்குத் தெரிகிறார்கள். நடந்து களைத்துத் திரும்பிப் போனவர்களை எண்ண ஆளில்லை.

சரி, கோட்டா எங்கே வருகிறது?

டிரான்ஸ்ஃபர்மேஷன் என்பது அங்கே அடிக்கடி அடிபடும் சொல். நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் கையில் இருந்த துறைகளை நாட்டின் மக்கள்தொகைக்கு ஏற்ப மாற்றி அமைக்கும் திட்டத்துக்கு மொத்தப் பெயர் அது. விளையாட்டில் அதற்கு இரண்டு கருவிகள். கோட்டா என்றால், இந்த ஆட்டத்தில் இத்தனை பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி. டார்கெட் என்றால், இந்த வருடத்துக்குள் சராசரியாக இந்த அளவை எட்ட வேண்டும் என்ற இலக்கு. இளையோர், மாகாண அணிகளில் கோட்டா நடைமுறையில் இருந்தது. தேசிய அணிக்கு இருந்தது டார்கெட்: 2019-க்குள் பாதிப் பேர் கறுப்பினத்தவர். பேச்சில் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பல் இல்லாத இலக்கு என்றும் சொல்லிவிட முடியாது. 2016 ஏப்ரலில் விளையாட்டுத் துறை அமைச்சர், இலக்குகளை எட்டாத காரணத்தால் ரக்பி, கிரிக்கெட் உள்ளிட்ட நான்கு விளையாட்டு அமைப்புகள் சர்வதேசப் போட்டிகளை நடத்த விண்ணப்பிக்கவே தடை விதித்தார். அடுத்த வருடம்தான் அது விலகியது.

எண்ணிக்கையைப் பாருங்கள். உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் தொடங்கிய 15 பேரில் கறுப்பினத்தவர் 1995-ல் ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். 2007-ல் இருவர். 2019-ல் ஆறு பேர். 2023-ல் ஐந்து பேர். ஏறியிருக்கிறது, பாதியைத் தொடவில்லை. "எல்லாம் கோட்டா" என்பவர்களுக்கும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்பவர்களுக்கும் இந்த நான்கு எண்களும் வசதியாக இல்லை.

கோட்டாவால் பயன் இல்லையா? இருந்தது. கண்ணைத் திறந்து தேட வேண்டிய கட்டாயத்தைப் பள்ளிகளுக்கும் அணிகளுக்கும் அது கொடுத்தது. பர்சரிகள் பெருகியதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது வீரர்கள். நன்றாக ஆடினாலும் "கோட்டா பையன்" என்ற முணுமுணுப்பு கூடவே வரும். ஒருநாள் சறுக்கினால் வெள்ளை வீரருக்கு அது மோசமான நாள், இவருக்கு அது "நான்தான் அப்போதே சொன்னேனே."

இங்கே நிறுத்தி மூச்சு வாங்கலாம். கோட்டா கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் "இந்த இரண்டு சீட்டைக் கொடுங்கள்" என்று சொல்வது மாதிரி. அது சீட்டை மாற்றும், ரூட்டை மாற்றாது. ரூட்டை மாற்றுவது பர்சரி, டவுன்ஷிப் மைதானம், சாப்பாடு, பயிற்சியாளர்.

எந்த எண் சட்டை?

அணிக்குள் வந்த பிறகும் ஒரு கதவு இருக்கிறது. விளையாட்டுச் சமூகவியலில் இதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர்: ஒரு இனத்தாரை ஒரே மாதிரியான இடங்களில் மட்டும் குவித்து வைப்பது. ரக்பியில் அது 11, 14 எண்களில், அதாவது ஓரத்து விங் ஆட்டக்காரர்களில் நடந்தது. வில்லியம்ஸ் விங், ஹபானா விங், பீட்டர்சன் விங். "அவர்களுக்கு வேகம் அதிகம்" என்பது காதில் பாராட்டாகத்தான் விழும். அடுத்த பாதி சொல்லப்படாமலே இருக்கும்: யோசிக்கும் வேலை வேறு ஆளுக்கு.

யோசிக்கும் வேலை 10-ம் எண்ணுக்கு. உதைப்பதா, கொடுப்பதா, ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுப்பவர் அவர். இந்த இடத்துக்கு ஒருவரைத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்த முடியாது. 13 வயதிலிருந்தே கோச் அவனை நம்பி, தப்பு செய்ய விட்டு, மறுபடி அதே இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆக இதுவும் பள்ளிக்கூடக் கதைதான். எரோல் டோபியாஸ் 1984-லேயே 10-ம் எண்ணில் டெஸ்ட் ஆடியவர் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. இப்போது அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்கிறது. 2019-ல் கேப்டன் கொலிசி முன்வரிசை. ஹூக்கர் என்ற 2-ம் எண்ணில் பொங்கி ம்பொனாம்பி. தடுப்பாட்டத்தைக் கட்டி மேய்த்த 13-ம் எண் லுக்கான்யோ ஆம்.

அடுத்த முறை அணிப் பட்டியல் வந்தால்

நிறத்தை எண்ணிவிட்டு மூட வேண்டாம். சட்டை எண்ணைப் பாருங்கள், அறிமுகமான வயதைப் பாருங்கள். மறக்காமல் பள்ளியின் பெயரையும் பாருங்கள். தென்னாப்பிரிக்கர்கள் வீரரின் விவரத்தில் அதைப் பெருமையோடு போட்டு வைத்திருப்பார்கள். ஸ்பிரிங்பாக் வீரர் அஃபெலெலே ஃபாசி படித்தது டேல் கல்லூரி. ஒரு காலத்தில் வெள்ளையருக்கு மட்டுமான அரசுப் பள்ளி. இன்று பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கிறார்கள், பழைய ரக்பி மரபு அப்படியே தொடர்கிறது. 2024-ல் அறிமுகமான சாஷா ஃபைன்பெர்க்-ம்ங்கோமெசுலு இப்போது அந்த 10-ம் எண் சட்டையில் ஆடுகிறார். அவர் படித்தது கேப் டவுனின் பிஷப்ஸ், 1849-ல் தொடங்கிய தனியார் பள்ளி.